ரயில்வே கிடாவும் வீராசாமி மண்டோரும்

முனியாண்டி கோயில் வாசலில் வீராசாமி மண்டோர் மேல்சட்டையைக் கழற்றி மடித்து, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெயில் நேராக அவருடைய தொப்பையில் விழுந்தது. எங்களையெல்லாம் வேலை வாங்கும் மண்டோரை வெறும் உடம்போடு அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான். பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை.

கோயில் தலைவர் நல்லதம்பியின் கையில் பித்தளைச் செம்பு. அதில் மஞ்சள் தண்ணீர். வழக்குக் கொண்டுவருகிறவர் தலையில் அதை ஊற்றி, "நான் சொன்னதெல்லாம் சத்தியம்" என்று சாமிக்கு முன்னால் சொல்லவைப்பது எங்கள் தோட்டத்துப் பஞ்சாயத்து வழக்கம்.

வழக்குக் கொண்டுவந்தவர் மண்டோர். யார்மேல் என்றால், என்மேல்.

நான் செய்த குற்றம், ஒரு கார்ட்டூன் கிடாவைத் தமிழ் பேச வைத்தது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் புல் மருந்து அடிக்கும் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி போன் செய்தார். "மனசு கனத்துப் போச்சும்மா, அடுத்த வாரமாச்சும் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதுங்க லா" என்றார். சரி, இந்த வாரம் சிரிக்கிற மாதிரிதான். ஆனால் மருந்து இதிலும் வரும். அதற்கு நான் என்ன செய்ய, தோட்டம் முழுக்க அதைத்தானே அடித்துவைத்திருந்தார்கள்.

துரைசாணி விட்டுப்போன பெட்டி

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைச் சரியாகச் சொல்ல எனக்கு வராது. என் வீட்டுக்காரரைக் கேட்டால், எங்கள் சிவப்பு மாடு கன்று போட்ட வருஷம் என்பார். அந்த மாடு போடாத கன்றா.

புக்கிட் பெலண்டோக்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் எங்கள் தோட்டம். பாதி ரப்பர், பாதி செம்பனை. நான் அங்கே ஆயாக்கொட்டாயில் வேலை பார்த்தேன். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன்னே பிள்ளைகளைச் சாரோங்கில் சுற்றித் தூக்கிவந்து என்னிடம் போட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் பால் நிறுத்து முடித்து வந்து எடுத்துக்கொள்வார்கள். இடையில் அத்தனை பிள்ளைகளுக்கும் நான்தான் அம்மா, போலீஸ், டாக்டர் எல்லாம். குறுக்குச் சட்டத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒன்று ஈரமானால் அடுத்ததும் ஈரமாகும். மூத்திரமும் பவுடரும் கலந்த அந்த வாடையை இப்போது நினைத்தாலும் எனக்கு மூக்கில் வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அது நல்ல வாடை.

ஏனென்றால் அதற்கு முன்னால் நான் முகர்ந்தது மருந்து. கல்யாணமாகி வந்த புதிதில் என்னைப் புல் மருந்து அடிக்கும் கூட்டத்தில் போட்டார்கள். முதுகில் பம்பு, ஒரு கை நெம்பிக்கொண்டே இருக்கும், இன்னொரு கை ரப்பர் மரத்தடியில் அடித்துக்கொண்டே போகும். நகம் கறுத்து உரியும். மூக்கில் ரத்தம் வரும். இரண்டு முறை எனக்குக் கரு தங்கவில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மேனேஜரிடம் பேசி என்னை ஆயாக்கொட்டாய்க்கு மாற்றிவிட்டார். அந்த நல்ல மனுஷர் இருக்கும் திசையைப் பார்த்து நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

மேனேஜருக்கு மாற்றல் வந்தது. அவர் மனைவியை நாங்கள் துரைசாணி என்போம், வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பட்டம் மட்டும் பங்களாவை விட்டுப் போகவில்லை. சாமான் ஏற்றும்போது லாரியில் இடம் இல்லை. ஒரு பழைய கலர் டிவி, ஒரு வீடியோ டெக், ஒரு பெட்டி கேசட். "பிள்ளைங்களுக்கு வச்சுக்கோ, பார்வதி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேசட் எல்லாம் ஒரே கார்ட்டூன் தொடர். துரைசாணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொட்டகையில் பார்த்த பழைய படமாம். அது வீடியோவில் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆசை ஆசையாக வாங்கினாராம். அவர் பிள்ளைகள் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போரடிக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டார்களாம். பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றும் கனத்த புத்தகம் மாதிரி இருக்கும். மேலே ரயில் படம்.

கரண்டு எங்களுக்குப் பகலில் கிடையாது. ஆயாக்கொட்டாய் மட்டும் ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் இருந்ததால் அங்கிருந்து ஒரு ஒயர் வந்தது. ஆலையில் ரோலர் இழுக்கும்போதெல்லாம் டிவியில் படம் சுருங்கும், எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள். ரோலர் நின்றதும் மறுபடி குண்டாவார்கள். பிள்ளைகள் அதுவும் கதையில் சேர்ந்தது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

கிடாவுக்கு ஏன் கோபம்

கதை இதுதான். ஒரு மலையடி ஸ்டேஷன். அதற்கு அதிகாரி ஒரு கிடா. தலையில் தொப்பி, கழுத்தில் விசில், தாடி, முன்னால் தள்ளிய தொப்பை. மூன்று அணில்கள் தினமும் டிக்கெட் எடுக்காமல் ரயில் ஏற வரும். கிடா விரட்டும். கோபம் வந்தால் கையில் கிடைத்ததைத் தின்றுவிடும். டிக்கெட்டைத் தின்னும், டைம் டேபிளைத் தின்னும், பச்சைக் கொடியைத் தின்னும். கொடி இல்லாமல் ரயில் கிளம்பாது. கடைசியில் அணில்கள் எப்படியோ ஏறிப் போய்விடும், கிடா மட்டும் பிளாட்பாரத்தில் நிற்கும். எல்லாக் கேசட்டிலும் இதேதான். ஒரு தடவைகூட அலுத்ததில்லை.

பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் அளவுதான். முதல் நாள் கிடா காலை உதைத்துக் கத்தியபோது, தேவி என்ற சின்னப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அது ஏன் ஆயாக்கா இப்பிடி கத்துது?"

எனக்கு என்ன தெரியும்? அதன் முகத்தைப் பார்த்தேன். வாயில் தானாக வந்தது.

"அந்த மூணு பேரும் லேட்டா வந்துட்டாங்களாம். அரைப் பேரு போடப் போறேன்னு கத்துது."

தோட்டத்தில் வேலைக்கு வந்ததற்கு அடையாளமாக மண்டோர் பேர் போடுவார். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். காலையில் ஐந்து நிமிஷம் தாமதமானால் போதும், முழு நாள் உழைத்தாலும் அரைப் பேர்தான். ஆயாக்கொட்டாயில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவர்கள். கேட்டதும் ஒரே சிரிப்பு. தேவி சிரித்துச் சிரித்துப் பாயிலேயே விழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. கிடாவுக்கு ரயில்வே மண்டோர் என்று பேர் வைத்தேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, தடித்த குரலில் அதற்கு நான் பேசுவேன்.

"எவளாச்சும் சிரிச்சீங்க, மல மேல நெர குடுத்துருவேன்."

நெர என்றால் ஒருத்தர் வெட்டவேண்டிய மர வரிசை, மலைமேல் விழுந்தால் ஏறி இறங்கியே இடுப்பு ஒடியும். மூக்கால் அணிலுக்கும் நானே பேசுவேன்.

"குடுங்க மண்டோரே. மேல காத்து நல்லா வரும்."

கிடா கொடியைத் தின்னும் இடத்தில், "கோவம் வந்தா எனக்குப் பசிக்கும், அந்தச் செக்ரோலக் கொண்டா, அதையும் திங்கறேன்" என்பேன். யார் யாருக்குப் பேர் போட்டது என்று மண்டோர் எழுதிவைப்பதுதான் செக்ரோல். அதைத் தின்றுவிட்டால் அன்றைக்கு யாருக்கும் சம்பளம் இல்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் நன்றாகப் புரியும்.

மத்தியானம் பிள்ளைகளை எடுக்க வந்த பெண்கள் முதலில் வாசலில் நின்றார்கள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மேலெல்லாம் ரப்பர் பால் புளித்த வாடையோடு, பால் சுமக்கும் காண்டா வாளியைக் காலிடையில் வைத்துக்கொண்டு, பசியோடு வந்து உட்கார்ந்து சிரித்தார்கள். ஆம்பிளைகள் கௌரவம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே நின்று பீடி பிடிப்பதுபோல் நடித்தார்கள். பீடி அணைந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

இவர்களோடு ஒருத்தி தினமும் வருவாள். மாரியாயி அக்கா. அவளுக்கு எடுத்துப்போகப் பிள்ளை இல்லை. ஆடு தேடி வந்தேன் என்பாள். பின்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். படம் முடிந்ததும் தூளி மடிக்க உதவுகிற மாதிரி என் பக்கத்தில் வந்து ஒன்று இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போவாள்.

"விசில தலகாணிக்குக் கீழ வச்சித்தான் தூங்குவாரு, தெரியுமா? ராத்திரியில ஒளறுவாரு. ஒவ்வொருத்தி பேரா கூப்புட்டுக்கிட்டே இருப்பாரு. எனக்குத் தூக்கமே இல்ல லா."

மறுநாள் கிடா அதைப் பேசும்.

மாரியாயி அக்கா வீராசாமி மண்டோரின் மனைவி.

விசிலுக்குப் பதில்

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மண்டோர் பேரை ஒரு நாளும் எடுத்ததில்லை. எல்லா மண்டோருக்கும் விசில் உண்டு, பாதிப் பேருக்குத் தொப்பை உண்டு. தாடி மட்டும்தான் கொஞ்சம் சிக்கல்.

பிரச்சினை பிள்ளைகளால் வந்தது. பெரட்டுக்களம் ஆயாக்கொட்டாய்க்கு எதிரே இருந்தது. விடியுமுன் ஆட்களை அங்கே வரிசையாக நிற்கவைத்து, மண்டோர் விசில் ஊதி, பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன வேலைக்கு என்று பிரித்துக் கொடுப்பார். ஒரு நாள் இருட்டில் அவர் விசில் ஊதினார். எதிரே தூளிகளில் இருந்து பதில் வந்தது.

"மே..."

முதலில் ஒரு பிள்ளை. பிறகு எல்லாமும். வரிசையில் நின்ற பெண்கள் குனிந்துகொண்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. மண்டோர் இரண்டாவது தடவை விசில் ஊதினார். அதற்கும் பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் நடந்தாலே ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். ஆள் விட்டு விசாரித்தபோது அவருக்கு முழுக் கதையும் தெரிந்துவிட்டது. தெரிந்தவர் நேராக வந்து என்னைத் திட்டியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆப்பீசில் போய்ச் சொல்லியிருந்தாலும் புது மேனேஜர் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருப்பார், தீர்ந்திருக்கும். ஆனால் கிடா கதையை மேனேஜரிடம் சொன்னால் அவரும் சிரிப்பார் என்று மண்டோருக்குப் பயம். சாமிக்கு முன்னால் யார் சிரிப்பார்கள்? அதனால் பஞ்சாயத்தை முனியாண்டி கோயிலில்தான் வைக்கவேண்டும் என்று அவரே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார்.

என் வீட்டுக்காரர் அன்று காலையில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

"நீ பேசினதுல தப்பு இல்ல. கொஞ்சம் சின்னக் கொரலுல பேசியிருக்கலாம்."

வாழ்நாளில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே அறிவுரை அது.

எனக்கோ உள்ளுக்குள் வேறு கவலை. அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இவரிடமும். ஆயாக்கொட்டாய் வேலை போனால் அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்று தெரியும். மறுபடி பம்பைத் தூக்கினால் என்ன ஆகும் என்றும் தெரியும். கோயில் வாசலில் கை கட்டி நின்றபோது நான் முனியாண்டியிடம் கேட்டது மன்னிப்பு இல்லை. இந்த ஒன்றையாவது தங்கவிடு என்றுதான் கேட்டேன்.

தலையில் தண்ணீர்

செம்பைத் தூக்குவதற்கு முன்னால் தலைவர் நல்லதம்பி இரண்டு பக்கமும் விசாரித்தார்.

"சொல்லுங்க மண்டோரே, என்னா பிராது?"

"புள்ளைங்களக் கெடுக்கறா. டிவில ஒரு கெடாவ வச்சி என்னைய வையறா."

"கெடா உங்க பேரச் சொல்லிச்சா?"

"பேரு சொல்லல. ஆனா அது நான்தான்."

"எப்பிடி சொல்றீங்க?"

"தாடி இருக்கு. தொப்ப இருக்கு. விசிலு இருக்கு."

தலைவர் அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

"படத்த நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? தோட்டமே பாத்துட்டு வந்து சொல்லுது. ஊட்டு விஷயமெல்லாம் பேசுது அந்தக் கெடா. விசில தலகாணிக்குக் கீழ வச்சித் தூங்கறேனாம். தூக்கத்துல பேரு கூப்புடறேனாம். இதெல்லாம் வெளிய இருக்கறவளுக்கு எப்பிடித் தெரியும்?"

அதுவரை நாங்கள் அதை மாரியாயி அக்கா கட்டிவிட்ட கதை என்றே நினைத்திருந்தோம். மண்டோரே சாமி முன்னால் உண்மை என்று ஒத்துக்கொண்டதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மாரியாயி அக்கா தூணோரமாக நின்று வேப்பமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னாம்மா சொல்ற?"

"கெடா இங்கிலீஷ்ல பேசுதுங்க. புள்ளைங்களுக்குப் புரியலேன்னு நான் தமிழ்ல சொன்னேன்."

"அது என்னா பேசுதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. மொகத்தப் பாத்தா அப்பிடித்தான் பேசற மாதிரி இருந்துச்சி."

மண்டோருக்குக் கோபம் ஏறியது. "இவள அந்த வேலையில இருந்து தூக்கணும். மருந்துக்கு ஆளு பத்தல. அங்க போயி பேசட்டும்."

தலைவர் பெருமூச்சு விட்டு, "சரி, சத்தியம் பண்ணுங்க" என்று செம்பைத் தூக்கினார்.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் முனியாண்டி கோயில் பூசையில் கிடா வெட்டுவோம். ஆனால் சும்மா பிடித்து வெட்டிவிட முடியாது. கிடாவைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்போம். அது தலையை உதறி உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அது உதறும்வரை தோட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உதறியதும் மேளம் அடிப்பார்கள். அந்த வருஷத்துப் பூசைக்கும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதே இடம், அதே செம்பு, அதே மஞ்சள் தண்ணீர்.

தலைவர் ஊற்றினார். தண்ணீர் மண்டோரின் எண்ணெய் வைத்த தலையில் வழிந்து, தாடியில் இறங்கி, முதுகுப் பக்கமாக ஓடியது. மலையடிவாரத்து ஊற்றுத் தண்ணீர், காலை நேரத்தில் ஐஸ் மாதிரி இருக்கும். மனுஷர் என்ன செய்வார்? தலையை இப்படியும் அப்படியும் உதறி, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தார். தாடியிலிருந்து தண்ணீர் எல்லாப் பக்கமும் தெறித்தது.

ஒருத்தரும் அசையவில்லை. எல்லோருக்கும் ஒரே நினைப்பு, சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

தூணோரத்திலிருந்து மாரியாயி அக்காவின் குரல் நிதானமாக வந்தது.

"உத்தரவு ஆயிடிச்சி. கத்திய யாரு எடுக்கறீங்க?"

தலைவர் செம்பைக் கீழே போட்டுவிட்டார். அது படியில் உருண்டு போகும் சத்தம் கேட்டது, பிறகு எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு சிரிப்பு. சிரித்தால் சாமி குத்தம் என்று பயந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கோயிலுக்கு வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் ஒருத்தர் மேளத்தையும் தட்டிவிட்டார். தலைவர் திரும்பி முனியாண்டியைப் பார்த்து நின்றுகொண்டார், முதுகு குலுங்கியது. கும்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மண்டோர் சத்தியம் செய்யவில்லை. சட்டையைக்கூட வாங்காமல், ஈர உடம்போடு நடந்து போய்விட்டார். சத்தியம் இல்லாததால் வழக்கு இல்லை என்று தீர்ப்பாயிற்று. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை

மறுநாள் பெரட்டில் விசில் ஊதியபோது தூளிகளிலிருந்து சத்தம் வரவில்லை. பிள்ளைகளின் வாயை அம்மாக்கள் பொத்தியிருந்தார்கள். மண்டோர் வரிசையாகப் பேர் கூப்பிட்டார். மருந்துக் கூட்டத்தின் பேர்களைப் படித்து முடித்து, கொஞ்சம் நிறுத்தி, கடைசியாக என் பேரைச் சொன்னார்.

பஞ்சாயத்துத் தீர்ப்பு கோயிலோடு சரி. யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்பது அவர் கையில். புது மேனேஜருக்கு என் பேரும் தெரியாது, டிரஸ்ஸர் எனக்காகப் பேசிய கதையும் தெரியாது.

பம்பை முதுகில் ஏற்றினேன். வார் தோளில் பதிந்த இடம் பழைய இடம்தான், உடம்பு மறக்கவே இல்லை. அன்றைக்குப் பகல் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவளுக்கு வாயைத் திறந்தால் மருந்து உள்ளே போய்விடுமோ என்று பயம். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மத்தியானம் தண்ணீர்ப் பீலியடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மாரியாயி அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், நான் குமட்டிக்கொண்டு குனிந்ததைப் பார்த்தாள்.

"எத்தன நாளு தள்ளிப்போயிருக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தாளுகிட்ட சொல்லவா?"

"வேணாங்கக்கா. சொன்னா, நடிக்கறான்னு சொல்லுவாரு."

"ஆமா, சொல்லுவாரு" என்று அக்கா ஒத்துக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

மண்டோர் வீட்டுத் தூளிகள்

அன்று சாயங்காலம் அக்கா வீடு வீடாகப் போயிருக்கிறாள். மறுநாள் விடியுமுன் ஒரு அம்மாவும் ஆயாக்கொட்டாய்ப் பக்கம் போகவில்லை. மண்டோர் பெரட்டுக்குக் கிளம்பிப் போனதும் எல்லோரும் பிள்ளைகளை நேராக அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஆயா இல்லை, மண்டோரம்மாதான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு. அக்கா கதவை விரியத் திறந்துவைத்து, "எல்லாரும் வாங்க ராசாக்களா" என்று வாங்கிக்கொண்டாளாம்.

மத்தியானம் மண்டோர் பசியோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய வீட்டுச் சட்டத்தில் வரிசையாகத் தூளிகள். கட்டிலில் நான்கு பிள்ளைகள், நாலும் ஈரம். தட்டில் சோறு இல்லை, தரையில் இருந்தது. ஆட்டுக்கொட்டாயை யாரோ திறந்துவிட்டு, நிஜ ஆடுகள் சாமி மேடைப் பூமாலையைத் தின்றுகொண்டிருந்தன.

"என்னா இது?"

"புள்ளைங்க" என்றாள் அக்கா. "ஆயாவத்தான் நீங்க மருந்துக்கு அனுப்பிட்டீங்களே."

அவர் பொறுத்துப் பார்த்தார். வேறு ஆயா போடலாம் என்றால் எந்தப் பெண்ணும் வரமாட்டேன் என்றாள். பிள்ளைகளை அதட்டிப் பார்த்தார். அவர்களுக்கு அதட்டல் பழகியது, அதைக் கேட்டுத்தான் சிரிக்கவே கற்றுக்கொண்டவர்கள். கடைசியில் அவரைக் கவிழ்த்தது விசில்தான். மத்தியானம் அவர் கண் அசந்தபோது தலையணைக்குக் கீழே இருந்ததை ஒரு பிள்ளை எடுத்து, உள்ளே உருளும் மணியைக் கழற்றி விழுங்கிவிட்டது. மறுநாள் பெரட்டில் மண்டோர் ஊதினார், வெறும் காற்று வந்தது. திரும்ப ஊதினார், அதே காற்று. மணி வெளியே வரும்வரை அந்தப் பிள்ளையை யார் பின்தொடர்வது என்று வீட்டில் நடந்த சண்டையை அக்கா சொல்லக் கேட்க வேண்டும். இந்தப் பத்திரிகையில் அதை எழுத முடியாது.

ஒரு காலையில் மண்டோர் என் பேரைச் சொல்லி, "ஆயாக்கொட்டா" என்றார். என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்பு, சமாதானம் எதுவும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பம்பைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, எதிரே இருந்த கொட்டாய்க்கு நடந்தேன், ஓடவில்லை என்பதே எனக்குப் பெருமை.

வயிற்றில் இருந்தது தங்கியது. அவன்தான் இப்போது செண்டாயானில் வீடு வாங்கி, எங்களையும் கூட வைத்துக்கொண்டு, அம்மா டிவி சத்தத்தைக் குறைங்க என்று தினமும் குறை சொல்கிறவன்.

மறுபடியும் படம்

திரும்பி வந்த அன்றைக்கே பிள்ளைகள் டெக்கைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நானும் ஆசையாகத்தான் கேசட்டை உள்ளே தள்ளினேன். சொல்லாமல் சேர்த்துவைத்த பேச்செல்லாம் தொண்டையில் நின்றது. மணி இல்லாத விசில் ஒன்றே போதும், ஒரு கேசட் முழுக்க ஓட்டலாம்.

ரயில் வந்தது. அணில்கள் வந்தன. கிடா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தது. நானும் திறந்தேன்.

தேவி வந்து என் மடியில் உட்கார்ந்தாள். கையால் என் வாயை லேசாக மூடினாள்.

"இன்னிக்கி கெடாவத் திட்டாதீங்க ஆயாக்கா."

"ஏன்டா செல்லம்?"

"அம்மா மருந்துக்குப் போயிருக்காங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. தேவியின் அம்மா லெட்சுமி மரம் வெட்டுகிறவள், மருந்துக் கூட்டத்தில் இருந்ததே இல்லை. பிறகுதான் விளங்கியது. கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தால் இன்னோர் ஆள் வேண்டும். நான் இறக்கி வைத்த பம்பு தரையிலேயே இருக்கவில்லை. அன்று காலையிலேயே, நான் கொட்டாய்க்குள் போனதும், மண்டோர் லெட்சுமியின் பேரைக் கூப்பிட்டிருக்கிறார். வாசலில் யாரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"திட்டுனா மண்டோரு அம்மாவத் திருப்பி அனுப்ப மாட்டாரு" என்றாள் தேவி.

மற்ற பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலையில் ரோலர் இழுத்தது, கிடா ஒல்லியானது.

டிவியின் குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றினேன். அன்றைக்குப் படம் முடியும்வரை கிடா இங்கிலீஷிலேயே பேசியது.